ஆடாத அறை

அந்த ஊரில் நிலம் தினமும் ஆடத் தொடங்கிய வருஷம், பீங்கான் கிடங்கில் மூத்தவள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் ஆடவில்லை. தட்டுகளைக் காகிதத்தில் சுற்றி வைக்கோல் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. கிடங்கே கடகடவென்று குலுங்கி, கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிச் சுக்குநூறாகும்போது, அவள் மேஜையைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தில் ஒரு வைக்கோல்கூட அசையாது. மேஸ்திரி தரையைத் தட்டிப் பார்த்தார். அவளை வேறு மூலைக்கு மாற்றிப் பார்த்தார். ஆடாத இடமும் கூடவே போனது. அன்று முதல் விலை உயர்ந்த தட்டுகளையெல்லாம் அவளைச் சுற்றி அடுக்கச் சொன்னார். உடைசல் குறைந்தது, அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பேசாமல் உள்ளுக்குள் புகைந்தவள் அவளுடைய ஓரகத்தி இளையவள்தான். இருவருக்கும் கிடங்கில் அடுத்தடுத்த மேஜை, வீட்டில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடித்தனம். மூத்தவளின் புருஷன் கப்பல் வேலைக்குப் போய் வெகுநாளாகத் தகவலே இல்லை. கிடங்கை மூடப்போவதாக வேறு பேச்சு அடிபட்டது. அப்படிப்பட்டவள் நேரத்துக்குச் சாப்பிட்டு, தலை வாரிப் பின்னி, குறட்டை விட்டுத் தூங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மேஸ்திரி ஏதோ வாக்குக் கொடுத்திருப்பார் என்று முதலில் நினைத்தாள். பிறகு மாத்திரை போடுகிறாளோ என்று குப்பைக்கூடையைக் கிளறினாள். வெங்காயத் தோல்தான் கிடந்தது. தன் பக்கத்துச் சுவரில் விரிசல் விழுந்த அன்று விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆட்டம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வருகிறது. மூத்தவள் தன் பங்கை நைசாகச் சுவர் வழியே இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறாள். விரிசலுக்கு நேர் கீழே குழந்தையின் கட்டில் இருந்தது, நகர்த்த வேறு இடமில்லை.

"உங்க அண்ணியை வேற வீடு பாத்துக்கச் சொல்லுங்க. அவங்க பங்கும் நம்ம தலையிலதான் விழுது," என்றாள் புருஷனிடம்.

"நிலம் ஆடுறதுல என்னடி பங்கு?"

"அப்போ சுவர் ஏன் நம்ம பக்கம் மட்டும் பிளக்குது?"

அவன் எழுந்து போய் விரிசலைத் தடவிப் பார்த்தான். தடவிப் பார்த்துவிட்டால் அவன் பாதி சம்மதித்த மாதிரி என்பது அவள் அனுபவம். போய்ச் சொல்லிவிட்டு, அண்ணி போட்ட டீயையும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். வாரக் கடைசியில் காலி செய்கிறாளாம், கோபமே படவில்லையாம். அதைக் கேட்டதும் இளையவளின் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது.

போவதற்குள் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று, விடுமுறை நாள் மத்தியானம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெட்டி கட்ட உதவுகிற சாக்கில் உள்ளே போனாள். அப்போதுதான் ஆட்டம் வந்தது. தெருவே அலறிக்கொண்டு வெளியே ஓடியது. அறையில் கொடியில் கிடந்த துணிகூட ஆடவில்லை. இளையவள் பாய்ந்து மூத்தவளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அது கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. கை மட்டுமில்லை, தோள், முழங்கால், பல்வரிசை எல்லாமே நடுங்கின. கிடங்கில் இதை யாரும் கவனிக்காததில் ஆச்சரியமில்லை. ஆட்டம் வந்தால் அங்கே எல்லோரும் தட்டுகளைத்தான் பார்ப்பார்கள்.

"உங்களுக்குப் பயமே கிடையாதுன்னுல்ல நெனச்சேன், அக்கா."

"இல்லாம எங்க போகும்? வந்தா உக்காந்து நல்லா நடுங்கிடுவேன். அடக்க மாட்டேன். முடிஞ்சதும் வேலையைப் பாப்பேன்."

"எங்க பக்கம் தள்ளி விடலையா?"

"தள்ள முடிஞ்சா மொதல்ல மேஸ்திரி வீட்டுக்குல்ல தள்ளியிருப்பேன்."

இளையவள் முழுசாக நம்பிவிடவில்லை. கண்ணெதிரில் இருந்தால்தான் கண்காணிக்க முடியும் என்று சொல்லி, கட்டிய பெட்டியைத் தானே அவிழ்த்தாள். குழந்தையின் கட்டிலையும் அந்த அறைக்கே கொண்டுவந்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓடிவந்து மூத்தவளின் கையைப் பிடித்துச் சோதித்தாள். அதுவரை பல்லைக் கடித்துச் சுவருக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்ற இளையவளுக்கு, இப்போது அதற்குக் கை ஒழியவில்லை. பிடித்த கையோடு சேர்ந்து தானும் நடுங்கினாள். மாதங்கள் போயின. கிடங்கை மூடவுமில்லை, மூடமாட்டோம் என்று யாரும் சொல்லவுமில்லை. விரிசல் மட்டும் வளராமல் நின்றது.

கப்பலைப் பற்றி விசாரிக்க மூத்தவள் துறைமுகத்துக்குப் போயிருந்த ஒரு காலையில் ஆட்டம் மறுபடி வந்தது. இளையவள் வெள்ளரிக்காய் நறுக்குவதை நிறுத்தி, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தன் அறைத் தரையில் உட்கார்ந்து ஆசைதீர நடுங்கினாள். முடிந்ததும் நிமிர்ந்தால் ஜன்னலில் பக்கத்து வீட்டுக்காரி நின்றாள், தலையெல்லாம் காரைத்தூள். விளிம்புவரை நிரம்பியிருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்தாள், ஈரம் படாத தரையைப் பார்த்தாள், பிறகு தன் வீட்டுப் பக்கத்துச் சுவரை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இளையவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

"வெளியில நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது," என்றாள். "உள்ள வா. அடுத்தது வரும்போது கையைப் பிடிச்சுப் பாரு."

பக்கத்து வீட்டுக்காரி சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமலே உள்ளே வந்து உட்கார்ந்தாள். அடுத்தது வருகிறவரைக்கும் இருவருமாக வெள்ளரிக்காய் நறுக்கினார்கள்.