மாடு தின்ற வாழைத்தார்

கீழப்பத்துக் கிறிஸ்தவ சபையில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தால் அசனம் உண்டு. அசனத்தை வெறும் சாப்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. வருஷம் முழுக்க வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துப் போட்டு வருவார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் எல்லாப் பானையும் கோயில் வளாகத்துக்கு வந்து ஒரே பாயில் கவிழும். பொன்னியும் ரேஷன் அரிசியும் கலந்து குவிந்த பிறகு எது யார் வீட்டு அரிசி என்று கொண்டுவந்தவளுக்கே தெரியாது. மறுநாள் அது ஆட்டுக்கறிக் குழம்போடு வந்தவர் எல்லாருக்கும் இலையில் விழும். நீ யார், எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்ற கேள்வி கிடையாது. காசும் கிடையாது.

அந்தச் சோற்றை ஆக்கிப் போட்டுவிட்டு, தான் மட்டும் ஒரு பருக்கை தொடாத ஆள் ஒருவர் இருந்தார். பெயர் ஞானசிகாமணி. அறுபதை நெருங்குகிற வயது. குட்டியானை என்று ஊர் சொல்லும் சின்ன லோடு வண்டியும் கொஞ்சம் வாழைத் தோட்டமும் வைத்திருந்தார். ஸ்ரீவைகுண்டத்துச் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றுவதுதான் பிழைப்பு. அசனத்தன்று விடியும் முன்னே ஆக்குப்புரையில் நிற்பார். விறகு தள்ளுவார், அண்டாவைக் கிண்டுவார், வாளி தூக்குவார். "ஒரு வாய் சாப்பிடும்வே" என்றால் "வயிறு சரியில்ல" என்பார். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அசனத்தன்று மட்டும் எப்படிக் கெடுகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஊருக்கு அவர் மேல் அவ்வளவு மரியாதை.

மரியாதை வந்தது வெள்ளத்தால். அந்த மார்கழியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றி, தாமிரபரணி கரையேறி ஊருக்குள் வந்ததே, அப்போது கீழத்தெருச் சனங்களைக் குட்டியானையில் அள்ளிப் போட்டு மேட்டில் இருக்கும் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அவர்தான். தண்ணீர் சக்கரத்தை மறைக்க மறைக்க நடை அடித்தார். கடைசி நடைக்குத் திரும்பிப் போகையில் வளைவில் வண்டி நின்றுபோனது. அதனால் பேச்சிமுத்துவை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. ஊர் அறிந்த கதை இது.

நடந்த கதை வேறு. பேச்சிமுத்துவின் மனைவி கோமு ஏற்கெனவே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பேச்சிமுத்து மாட்டையும் கன்றையும் அவிழ்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். "வேப்பமரத்தடியிலேயே நில்லும், எங்கயும் போவாதேயும். இந்தா திரும்பி வந்திருதேன்" என்றார் ஞானசிகாமணி. கோமுவைக் கோயிலில் இறக்கினார். வண்டியைத் திருப்பினார். வளைவுக்கு வந்தபோது ரோட்டின் குறுக்கே செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முன் நடையில் கடந்த தண்ணீரைவிட ஒரு சாண் கூட இருக்கும், அவ்வளவுதான். வண்டி நிற்கவில்லை. அவர்தான் சாவியைத் திருகி நிறுத்தினார். பயம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு சாவியைப் போட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, "வண்டி நின்னு போச்சு" என்றார்.

பேச்சிமுத்துவின் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை. அவர்கள் தண்ணீரில் நடந்து பள்ளிக்கூட மாடியில் ஏறிப் பிழைத்தார்கள். பேச்சிமுத்துவோ ஞானசிகாமணி சொன்ன வாக்கை நம்பி வேப்பமரத்தடியில் நின்றார். வெள்ளம் வடிந்த பிறகு வாழைத் தோட்டத்துச் சேற்றில்தான் அவர் கிடைத்தார். அவர் அவிழ்த்துவிட்ட மாடு நீந்திக் கரையேறி வீடு வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து ஞானசிகாமணி திருவிருந்துக்கு எழுந்ததில்லை. வரிசை வரிசையாக எல்லாரும் பீடத்தண்டை போய் முழங்காலில் நின்று அப்பத்தை வாங்க, அவர் மட்டும் பெஞ்சில் குனிந்திருப்பார். மனைவி சுகிர்தா, சபைக் கமிட்டிக்காரர்களோடு ஏதோ சண்டை என்று நினைத்துக் கமிட்டியையே திட்டித் தீர்த்தாள். இயேசு பாவிகளை மன்னிக்கிறார் என்று சபைப் போதகரான ஐயர் பிரசங்கம் பண்ணும்போதெல்லாம் ஞானசிகாமணி தலையை ஆட்டுவார். மன்னிப்பார்தான், மற்றவர்களை. தன் கணக்கைத் தானே தீர்க்க வேண்டும் என்பது அவர் மனதில் ஊறிப்போயிருந்தது.

தீர்க்கவும் பார்த்தார். கோமு வீட்டுக் கூரையைத் தன் கையால் மாற்றிப் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் வாசலில் வண்டி நிற்கும். வாரம் தவறாமல் ஒரு வாழைத்தாரைக் கொண்டுபோய் அவள் வீட்டு முற்றத்தில் சாத்திவிட்டு வருவார். கோமு வேண்டாம் என்றதில்லை, நன்றி என்றதும் இல்லை. ஒவ்வொரு தடவையும், இந்தத் தாரோடு நெஞ்சிலிருக்கும் கல் கொஞ்சம் இறங்கும் என்று நம்பித்தான் போவார். திரும்பி வரும்போது அந்தக் கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த வருஷப் பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம், பாயில் அரிசி குவிந்துகொண்டிருந்தபோது சபைச் செயலாளர் செல்வின் சிரித்த முகமாய் வந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்கு ஒங்களுக்கு ஆக்குப்புரைல வேலை இல்ல. முதல் பந்தில முதல் இலை ஒங்களுக்கு. ஐயர் கையால பொன்னாடை. கமிட்டி முடிவு, மறுப்பு சொல்லக் கூடாது."

ஞானசிகாமணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டி நின்றது என்று அன்று சொன்னதே பொய். நாளைக்கு அந்தப் பொய்க்குப் பொன்னாடை வேறு போர்த்தப் போகிறார்கள். பேச்சிமுத்து சாவுக்குத் தனக்குச் சால்வையா? ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், அதற்கு முன்னால் கோமுவுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. பொழுது சாய, வழக்கம்போல ஒரு தாரைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சொல்லிவிட்டால் இனி அந்த வாசலை மிதிக்க முடியாது.

கோமு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணாச்சி. அங்கன சாத்தி வைங்க" என்றாள்.

அவர் தாரை இறக்கவே இல்லை. தோளில் வைத்தபடியே சொன்னார். "கோமு, அன்னைக்கு வண்டி நிக்கல. நாந்தான் நிப்பாட்டினேன். போயிருக்கலாம். பயந்துட்டேன். அவரை அங்கனயே நில்லும்னு சொன்னதும் நாந்தான்."

கோமு வாளியைக் கீழே வைத்தாள். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நின்னுபோன வண்டி தன்னால எப்படி அண்ணாச்சி திரும்பி வரும்? நான் கோயில் சுவருகிட்டதான நின்னேன். நீங்க ஓட்டிக்கிட்டு வந்திய. இஞ்சின் சத்தம் என் காதுலதான விழுந்துச்சு. ஊருக்கெல்லாம் ஒங்களைப் புகழத்தான் நேரம் இருந்துச்சு. எனக்கு அதா வேலை?"

ஞானசிகாமணிக்குத் தார் தோளில் கனத்தது. ஊரில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. அதை இவள் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்பம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேக்கலியா? மனசுக்குள்ள நான் வைஞ்ச வசவு ஒங்களுக்கு எங்க தெரியும்? நீங்க கூரைமேல ஏறி ஓலை வேயுதிய, நான் கீழ நின்னு, விழுந்து சாவட்டும்னு நெனைக்கேன். ஒரு வருசம் அப்படித்தான் போச்சு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஒங்க வண்டில வாரேன்லா, அந்த வளைவு வந்தா ஒங்க கை நடுங்கும். போகும்போதும் நடுங்கும், வரும்போதும் நடுங்கும். மொதல்ல நல்லா நடுங்கட்டும்னுதான் இருந்துச்சு. ஒரு நாள் பாக்கச் சகிக்கல. போதும்னு விட்டுட்டேன். அவ்வளவுதான்."

"விட்டுட்டேன்னா?"

"விட்டுட்டேன்னா விட்டுட்டேன். இன்னும் எப்படிச் சொல்ல?"

அவருக்கு விளங்கவில்லை. இவ்வளவு லேசாக விட முடியுமா? நாலு அறை அறைந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "நீ அப்படிச் சொல்லக் கூடாது கோமு. நான் ஏதாவது செஞ்சாகணும். தோட்டத்துல பாதி ஒம் பேருக்கு..."

"அண்ணாச்சி!" கோமுவின் குரல் உயர்ந்தது. "அவரைக் கொண்டுவந்து தர முடியுமா ஒங்களால?"

அவர் தலை குனிந்தார்.

"முடியாதுல்லா? அப்பம் சும்மா இருங்க. தார் தாரா கொண்டுவந்து சாத்துதியளே, எனக்குச் சீனி வியாதி. ஒரு பழம் நான் தின்னதில்ல. எல்லாம் இந்த மாடு தின்னு கொழுத்துக்கிட்டுக் கெடக்கு. நீங்க தாரை எறக்கி வச்சுட்டு நிமிந்து என் மூஞ்சியப் பாப்பிய பாருங்க, கடன் கழிஞ்சுதான்னு. ஒவ்வொரு வாரமும் அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்லணும். அவரு செத்த விலையா அது? இனி கொண்டு வராதீங்க."

தோளில் தாரோடு ஞானசிகாமணி அப்படியே நின்றார். அவளுக்குக் கொடுப்பதாக நினைத்து, தன் பாரத்தைத்தான் வாராவாரம் அவள் முற்றத்தில் இறக்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கோமு வந்து தாரைத் தோளிலிருந்து வாங்கி மாட்டுக்கு முன்னால் போட்டாள்.

"நாளைக்கு அசனத்துக்கு வாரேன்" என்றாள். "வெள்ளத்துக்கு அப்புறம் நான் அங்கன சாப்பிட வரல. நாளைக்கு வாரேன்."

மறுநாள் ஆராதனை முடிந்து பந்திப் பாய் விரித்தார்கள். செயலாளர் பொன்னாடையோடு வந்து, மைக்கில் வெள்ளத்துக் கதையை ஆரம்பித்தார். பாதியிலேயே ஞானசிகாமணி மைக்கை வாங்கினார். நேற்றுச் சொன்னதையே சொன்னார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

கொட்டகையின் ஒரு மூலையில் "அடப்பாவி" என்று யாரோ சொன்னது நன்றாகவே கேட்டது. செயலாளர் பொன்னாடையை மடிப்பதா விரிப்பதா என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சுகிர்தா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஞானசிகாமணி மைக்கைக் கொடுத்துவிட்டு, பழக்கப்பட்ட கால் இழுத்த இழுப்பில் ஆக்குப்புரைப் பக்கம் நடந்தார். வாளி தூக்குவதற்காவது தான் லாயக்கு என்ற நினைப்பு.

"அண்ணாச்சி, எங்க போறிய?"

பந்தியில் முதல் இலைக்கு அடுத்த இலையில் கோமு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலியாகக் கிடந்த முதல் இலையைக் கையால் தட்டினாள். "இங்கன வந்து உக்காருங்க. எனக்குப் பசிக்கி. நீங்க உக்காந்தாத்தான பரிமாறுவாவ?"

அவர் அசையவில்லை. கோமு கூட்டத்தைப் பார்த்தாள். "எல்லாரும் என்னத்தப் பாக்கிய? செத்தது எம் புருசன். எனக்குத் தெரிஞ்சு, நானே விட்டாச்சு. ஒங்களுக்கு என்ன? சோறு ஆறுது."

பிரசங்கத்துக்குப் பேர்போன ஐயர் அன்று மைக் பக்கம் போகவில்லை. அங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சோற்று வாளியைத் தூக்கினார். ஞானசிகாமணி வந்து உட்கார்ந்தார். ஐயர் அவர் இலையில் சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார். எந்த வீட்டு அரிசியோ, எவள் கைப்பிடியோ. தான் எதுவும் கொடுத்து வாங்காத சோறு. கை இலைக்குப் போகவே வெகுநேரம் ஆனது. முதல் கவளத்தை வாயில் வைத்ததும் குழந்தைபோல அழுதார். அழுதுகொண்டே தின்றார். இரண்டாம் தடவை சோறு வந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஊர் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. தார் ஏற்ற அவர் வண்டியைக் கூப்பிடுவதை நிறுத்தியவர்களும் உண்டு. ஆனாலும் அடுத்த திருவிருந்து ஆராதனையில் அவர் வரிசை எழுந்தபோது ஞானசிகாமணியும் எழுந்தார். சுகிர்தா பின்னாலிருந்து முதுகில் கை வைத்தாள், தள்ளவா தாங்கவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அவர் பீடத்தண்டை முழங்காலில் நின்று இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கோமு வீட்டுப் பக்கம் நடந்தார். தோளில் ஒன்றும் இல்லாததால் நடை என்னவோபோல் இருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீசிக்கொண்டு போனார். முற்றத்தில் நுழைந்ததும் மாடு எழுந்து வந்து அவர் தோளை மோந்தது, கையை மோந்தது. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் தலையால் நெஞ்சில் ஒரு முட்டு முட்டியது.

கோமு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. "நான் விட்டாலும் இது விடாது அண்ணாச்சி. இதுகிட்ட நீங்களே பேசித் தீத்துக்கோங்க. உக்காருங்க, காப்பி போடுதேன்."

பேச்சிமுத்து அவிழ்த்துவிட்ட மாட்டின் பால். அவள் நீட்டிய டம்ளரை வெறுங்கையால் வாங்கி, சூடு ஆறும்வரை காத்திருந்து, ஞானசிகாமணி மிச்சம் வைக்காமல் குடித்தார்.