மங்கையர்க்கரசிக்குப் புரியாத கிளைமாக்ஸ்

எங்கள் ஊர் தியேட்டரில் படத்தின் முடிவு புரியாதவர்களுக்குக் கதவு திறக்காது. புரிந்துவிட்டதாக நம்புகிறவர்களுக்குத் திறந்துவிடும். அதனால் கொலைப் படம் வந்தால் மாற்றுத் துணியோடுதான் போவோம்.

அன்றைக்கு அறுநூறு பேர் வெளியே வந்தோம். என் மனைவி மங்கையர்க்கரசி மட்டும் வரவில்லை.

கதை எளிமையானதுதான். மருந்துக்கடைக்காரர் ஒருவர் தன் வீட்டில் கொலையாகிக் கிடக்கிறார். அவருடைய பால்ய சிநேகிதரான இன்ஸ்பெக்டர் விசாரித்து, செத்தவரின் கார் டிரைவரைப் பிடிக்கிறார். டிரைவருக்குத் தூக்கு. கடைசியில் இன்ஸ்பெக்டர் தன் வீட்டுக்குப் போய், காப்பி குடித்து, டம்ளரைக் கழுவி வைக்கிறார். அவ்வளவுதான் படம்.

"டிரைவர்தான் கொன்னான். இதுல என்ன புரியல?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"தெரியலைங்க. கதவு திறக்க மாட்டேங்குது."

தினம் மூன்று காட்சி பார்த்தாள். நான் சாப்பாடு கொண்டுபோனேன். தாலுகா ஆபீசில் அவளுக்கிருந்த லீவு தீர்ந்தது. ஒன்பதாம் நாள், "புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்கயேன், மங்கை" என்று கெஞ்சினேன்.

"நான் வந்துட்டா அந்த டிரைவருக்கு யாருங்க இருக்கா? தினம் மூணு தடவை தூக்குல போடறாங்க."

மறுநாள் நானும் டிக்கெட் எடுத்து, காலைக் காட்சிக்கு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். படத்தின் கடைசிக் கட்டம் வந்ததும் மங்கை எழுந்து நின்றாள்.

"ஏங்க, அந்த டம்ளரைப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, அதன்மேல் கைத்துண்டை நாலாக மடித்து வைத்தார். செத்தவர் வீட்டுச் சமையலறையிலும் ஒரு டம்ளர் அப்படித்தான் இருந்தது. கவிழ்த்து, மேலே நாலாக மடித்த துண்டோடு. நாங்கள் எல்லோரும் பார்த்த காட்சிதான் அது.

"சார், உங்க சிநேகிதர் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடிச்சிட்டுத்தானே அவரைக் கொன்னீங்க?" என்று மங்கை திரையைப் பார்த்துக் கேட்டாள்.

இசை நின்றது. இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"படம் வந்து நாப்பது நாளா இங்கயேதான் நிக்கிறேன். ஒருத்தர்கூடக் கேக்கலைம்மா" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

திரையின் ஓரத்திலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். கழுத்தைத் தடவியபடி அவளைக் கும்பிட்டார். முன்வரிசையில் ஒரு இருக்கையில் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் மூச்சுவிடக் கற்றவர்போல மெதுவாக மூச்சுவிட்டார். நான் மங்கையைத் திரும்பிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவள் இவள்தானா?

கதவுகள் எல்லாம் திறந்தன.

வெளியே நல்ல வெயில். நாங்கள் நடக்க நடக்க, தெருவிளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தன.

"போதும், நிமிருங்க. கரண்ட் கம்பி அறுந்துடப்போகுது" என்றாள் மங்கை.

நிமிர்ந்துகொண்டன.