சித்திரையில் தைத்த கம்பளிக் கோட்டு

கொழும்பில் குண்டு விழுந்த சேதி வந்த அன்றைக்கே தூத்துக்குடியில் பாதிப் பேர் வண்டி கட்டிவிட்டார்கள். உள்ளே தள்ளி இருக்கிற ஏரலுக்கும் சாயர்புரத்துக்கும் போக மாட்டுவண்டி கிடைக்கவில்லை. நானும் என் பெஞ்சாதி சீனித்தாயும் போகவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் ஏரலுக்குப் போய் என்னத்தைத் தூக்க.

மிஞ்சி இருந்தவர்களுக்குள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிற பார்வை மாறிப் போச்சு. ஜப்பான்காரனுக்கு இங்கே ஆள் இருக்கிறது, கரையில் நின்று விளக்குக் காட்டுகிறான் என்று பேச்சு. நண்டு பிடிக்க அரிக்கேன் கொண்டுபோன ஒருத்தனை நாலு நாள் உள்ளே வைத்திருந்து அனுப்பினார்கள். துறைமுக வாசலில் தமிழில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. துறைமுகத்தின் படம் எதையும் வைத்திருந்தால் ஜெயில். எழுத்துக்கூட்டி நானே வாசித்தேன். முப்பது வயசுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்த எழுத்து. படிக்காமல் இருந்திருந்தால் அந்தத் தாளைத் தாண்டிச் சும்மா போயிருப்பேன்.

அடுத்த வாரம் வேட்டி எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். சீனித்தாயின் சேலைக்கு அடியில் ஒரு காகிதம் எட்டாக மடித்துக் கிடந்தது. வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. விரித்தால் ஒரு பாய் அகலம். முழுக்கக் கோடு. நேர்க்கோடு, வளைந்த கோடு, புள்ளி வைத்த கோடு, ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் போகிறது. அங்கங்கே அம்புக்குறி. ஏ, பி, சி என்று பெரிய இங்கிலீஷ் எழுத்து. 34, 36, 38 என்று எண்.

பஞ்சு பேல் மேல் மை குத்தியிருக்கிற இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் தமிழுக்கு முந்தியே எனக்குத் தெரியும். எங்கள் துறையில் சரக்கு அடுக்குகிற ஏ கிட்டங்கி, பி கிட்டங்கி, சி கிட்டங்கி என்று வரிசையாக மூன்று. கப்பல் கரைக்கு வராது, ஆழம் பத்தாது. ஆறு மைல் தள்ளி நிற்கும், தோணியில் போய் ஏற்றி இறக்குவோம். அது நிற்கிற இடத்தில் தண்ணீர் முப்பத்தாறு அடி என்று எங்கள் தோணியை ஓட்டுகிற தண்டல் ரோச் அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அப்போ வளைந்த கோடு கரை. புள்ளிக் கோடு தோணி போகிற வழி. அம்புக்குறி காற்று. பார்க்கப் பார்க்க எல்லாம் பொருந்திக்கொண்டே வந்தது.

என் வீட்டுப் பெட்டியில் துறைமுகப் படம். வைத்தவள் சீனித்தாய். வெளியே தெரிந்தால் அவளைக் கொண்டுபோய்விடுவார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை கிடையாது. அவளும் போய்விட்டால் எனக்கென்று வீட்டில் விளக்கு வைக்க ஆள் இல்லை.

அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பயந்து காகிதத்தை அது இருந்த மாதிரியே மடித்து வைத்துவிட்டு, அவளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பார்த்தால் எல்லாமே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அவள் கடற்கரை ரோட்டில் ஒரு துரைசானி வீட்டில் கிழிசல் தைக்கிற வேலை செய்தவள். குண்டுக்குப் பயந்து துரைசானி கொடைக்கானலுக்கு ஏறிவிட்டாள், வேலையும் நின்றது. ஆனாலும் தினம் மத்தியானம் எங்கேயோ போகிறாள். ஒருநாள் பின்னாலேயே போனேன். ஜெயபாய் டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தாள். டீச்சர் நாசரேத்துக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறவர், நல்ல மாதிரி. ஆனால் டீச்சருக்கு ஒரு தம்பி மலேயாவில். மலேயா இப்போது யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா.

அப்புறம் கம்பளி. கட்டிலுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் வெட்டின கம்பளித் துண்டுகளைப் பார்த்தேன். சித்திரை மாதம் தூத்துக்குடியில் கம்பளி வைத்திருக்கிறவன் பட்டாளத்துக்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கப்பல்காரன். படத்துக்குக் கூலியோ என்று நினைத்தேன்.

"ஏளா, இந்தக் கம்பளி யாருக்கு?"

"டீச்சருக்கு."

"டீச்சருக்கு எதுக்கு? வேர்க்குரு பத்தலியாமா?"

"உமக்கு மூட்டையத் தவிர என்ன தெரியும். போயிக் குளியும், நாறுது."

சொல்லிவிட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. பொய் சொல்லும்போது அவள் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி சங்கரலிங்கம் கூலியாட்களைக் கூட்டி, திங்கட்கிழமை போலீஸ் எங்கள் வீட்டு வரிசையில் சோதனை போடப் போகுது, உங்க வீட்டில் ஒண்ணும் இல்லையே என்றார். எல்லாரிடமும்தான் கேட்டார். எனக்கு என்னை மட்டும் பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தது.

எரித்தால் புகையை வரிசையே எட்டிப் பார்க்கும். குழி தோண்டினால் நாய் கிளறும். ஆறு மைல் தள்ளிக் கடலில் போட்டுவிட்டால் ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனால் கடலுக்குப் போக எனக்கு இருக்கிற ஒரே வழி அந்தத் துறைமுக வாசல்.

சனிக்கிழமை காலையில் காகிதத்தை இன்னும் சின்னதாக மடித்து, சும்மாட்டுத் துணிக்குள் வைத்துச் சுருட்டித் தலையில் வைத்தேன். வாசலில் மடியை அவிழ்க்கச் சொல்வார்கள், சோத்துத் தூக்கைத் திறப்பார்கள், துண்டை உதறுவார்கள். சுமைகாரன் தலைச் சும்மாட்டில் மட்டும் எந்தக் காவலாளியும் கை வைக்க மாட்டான். வேர்வை ஊறிய துணி, தொட்டால் கை நாறும். போதாததுக்குத் தலையில் கை வைத்தால் அடிதடி ஆகும். அப்படியே நடந்தேன். துறைமுகப் படத்தைத் தலையில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழைந்த மடையன் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

தோணி பாதி தூரம் போனதும் பின்பக்கம் போய் சும்மாட்டை அவிழ்த்தேன். சுக்கான் பிடித்துக்கொண்டிருந்த ரோச் அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"ஏலே, என்னது அது?"

மறைக்க இடமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுக்கானைத் தொடையில் அணைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். கடல் படம் பார்த்துப் பழகினவர். கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து மெல்ல ஓட்டிக்கொண்டே போனார். பிறகு என் வலது கையை நீட்டச் சொன்னார். கரை என்று நான் நினைத்த வளைவைக் கொண்டுவந்து என் தோள்மூட்டில் வைத்தார். புள்ளிக் கோடு முழங்கையைத் தாண்டி மணிக்கட்டில் வந்து நின்றது.

"இது கரையில்லலே, தோளு. சட்டைக் கை இது. எங்கக்கா கவுன் வெட்டுதது இந்த மாதிரித் தாள வச்சுத்தான். ஏ, பி எல்லாம் துண்டுக்குப் பேரு. முப்பத்தாறுங்கது மாரளவு. நீ அதுல நங்கூரம் போடப் பாத்திருக்க."

அவர் சிரித்த சிரிப்பில் தோணி ஒரு பக்கம் ஒதுங்கியது. முன்பக்கம் இருந்தவர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

அண்ணாச்சி மறுபடி தாளைப் பார்த்தார்.

"காலரு இம்புட்டு அகலம். கை முழுநீளம். இது குளிருக்குப் போடுத கோட்டுலே. உன் வீட்டுக்காரி எந்த ஊருக்குப் போறா?"

என் சிரிப்பு அத்தோடு நின்றது. தாளை வாங்கி மறுபடி சும்மாட்டுக்குள் சுருட்டினேன். அன்றைக்கு எத்தனை மூட்டை இறக்கினேன் என்று எனக்கே தெரியாது. போலீஸ் கொண்டுபோனால் போய்க் காலில் விழுந்து கேட்கலாம். அவளாகப் போனால் யார் காலில் விழ.

வீட்டுக்கு வந்தபோது பெட்டி கவிழ்ந்து கிடந்தது. நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கை மட்டும் வைத்த கோட்டு. பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் திறந்திருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரி. பின்னால் மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்கிறது. அந்த வெள்ளைக்காரி காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, பைக்குள் இரண்டு கையையும் விட்டுச் சிரிக்கிறாள்.

"தாளு எங்க?" என்றாள்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோட்டு ஒரு கையோடு நின்றிருக்கும். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் கண் சிவந்திருந்தது. சும்மாட்டை அவிழ்த்துக் கொடுத்தேன்.

"கேக்காம எடுத்தீரு."

"நீ கேக்காமப் போகப் பாத்த."

அவள் தாளை மடியில் விரித்து நீவினாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். துரைசானி கடிதம் போட்டிருக்கிறாள். ஆறு மாசம் கொடைக்கானலில் கூட இருந்து தைத்துக் கொடுக்க வேண்டும், சம்பளமும் சாப்பாடும் உண்டு. டீச்சர்தான் வாசித்துச் சொன்னார், தாளை வைத்து வெட்டவும் தினம் மத்தியானம் சொல்லிக்கொடுத்தார். கூப்பிட்டு எழுதுகிறேன், அங்கே குளிர் எலும்பைக் குடையும், உனக்கு வேண்டியதை நீயே தைத்துக்கொண்டு வா என்று, போகும்போதே இரண்டு பழைய கம்பளியையும் போன வருஷத்துக் குளிர்கால உடுப்புப் புஸ்தகத்தையும் அதோடு வந்த தாளையும் துரைசானி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். புஸ்தகத்தில் இருக்கிற மாதிரியே தைத்தால் சேலைக் கொசுவத்துக்கு மேல் மூடாது. அதனால் கீழே நாலு விரல் அகலம் கூட்டியிருக்கிறாள். காலர் காதை மறைக்கிற உயரம். வெளியே இரண்டு பை, உள்ளே ஒன்று. இத்தனை காலமும் முந்தானை முடிச்சுத்தான், எனக்கென்று ஒரு பை இருந்ததில்லை என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் துணியை இரண்டு கையாலும் தடவினாள்.

"மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?"

"சொன்னா வேண்டாம்பீரு. தச்சு முடிச்சுக் காட்டுனா வேண்டாம்னு சொல்ல உமக்கு வாய் வராதுன்னு நெனச்சேன்."

அவள் நினைத்தது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. என்னை இவ்வளவு கணக்காக அளந்து வைத்திருக்கிறவள் வேறு எதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறாளோ.

திங்கட்கிழமை போலீஸ் எங்கள் வரிசைக்கு வரவேயில்லை. புதன்கிழமை எனக்கு வேலை இல்லை. மறுநாள் அவளுக்கு ரயில். மத்தியானம், அடிமடிப்பு ஒரே மட்டமாக வரவேண்டும், போட்டுக்கொண்டு நில்லும் என்றாள். எனக்கும் அவளுக்கும் உயரம் ஒன்று. முடியாது என்றேன். வேறு யாரைக் கூப்பிட, பக்கத்து வீட்டு இசக்கித்தாயைக் கூப்பிடட்டுமா என்றாள். அவள் வந்தால் ஊருக்கே தெரியும் என்று பேசாமல் போட்டுக்கொண்டேன். கதவைச் சாத்தி, யாராவது பார்க்கிறார்களா என்று இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். வேர்வை முதுகில் ஆறாக ஓடியது.

அவள் முட்டிபோட்டு என்னைச் சுற்றி வந்தாள். வாய் நிறையக் குண்டூசி. ஒவ்வொன்றாக எடுத்து மடிப்பில் குத்தினாள்.

"ஏளா, ஆறு மாசந்தான?"

"ம்" என்றாள்.

வாயில் ஊசி இருக்கிறவள் வேறென்ன சொல்லுவாள். இது ஆமாம் என்கிற ம்-மா, ஆடாமல் நில்லும் என்கிற ம்-மா என்று தெரியவில்லை. ஊசி தீர்ந்ததும் இன்னொரு தரம் கேட்போம் என்று ஆடாமல் நின்றேன். அவள் குனிந்து டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊசி எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.