வாசற்படியில் படுத்த மச்சான்

உடல் கிடத்திய சந்தூக்கைத் தூக்க நால்வர் குனிந்த கணத்தில், கிபுவானா கிழவர் வாசற்படிக்குக் குறுக்கே நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துக்கொண்டார். படுத்தவாறே தாவி மொழியில் ஏதோ முழங்கினார்.

மறைந்த மசூதுக்கு அவர் மச்சான் முறை. தாவி இனத்தில் இறந்தவரை மச்சான் கேலி செய்தே வழியனுப்ப வேண்டும். வீட்டார் அம்மொழியிலேயே திருப்பிக் கொடுத்தாலன்றி அவர் வழிவிடமாட்டார். ஆனால் அம்மொழியை அறிந்தவர்களாக எஞ்சியிருந்தோர் இருவரே. அவர்களுள் ஒருவர் சந்தூக்கில் இருந்தார்.

"என்ன மாமா சொல்றீங்க?" என்றாள் மசூதின் மகள் ஜகியா.

"அர்த்தம் சொன்னா அது கேலியா? பதில் சொல்லு!"

"சுவாஹிலியில சொல்லட்டுமா?"

"அதுல திட்டத்தான் போலீஸ்காரன் இருக்கானே!"

அவள் தம்பி ஹம்சா கெஞ்சினான்: "பள்ளிவாசல்ல எல்லாரும் காத்திருக்காங்க மாமா."

"உங்கப்பன் என்னைக்கு நேரத்துக்குப் போனான்? பதில் இல்லேன்னா தோத்தேன்னு சொல்லிட்டுப் போகட்டும்."

ஜகியாவுக்குச் சுருக்கென்றது. வாய்ச்சண்டையில் ஒருநாளும் தோற்றறியாத தந்தை, இன்று தோற்றுப்போய் வீட்டைவிட்டு வெளியேறுவதா? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் உதவட்டும் என்று அவர் வீட்டில் சுவாஹிலி மட்டுமே பேசினார்; தாவியை ஆடுகளுக்கென ஒதுக்கியிருந்தார். காலைதோறும் பட்டியிலிருந்து எழும் அந்த அதட்டலை, பொருள் அறியாமலே, அடுப்படியிலிருந்து அவள் கேட்டு வளர்ந்திருந்தாள்.

அவள் தொண்டையைச் செருமினாள். அதட்டலை முழுவதுமாக, இறுதியில் வரும் சீழ்க்கை உட்பட, ஒரே மூச்சில் வீசினாள்.

கிழவரின் வயிறு குலுங்கத் தொடங்கியது.

"என்னையா உண்ணி புடிச்ச கிழட்டுக் கடாங்கிற? நானா மரவள்ளியை மேய்ஞ்சேன்? அடியே, அப்படியே மசூதுதான்டி நீ!"

இருமும்வரை சிரித்தார். கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சந்தூக்கின் முன்கொம்பைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டார்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினர். விருந்துக்குச் செவலை ஆட்டை அறுப்பதென முன்பே பேசியிருந்தபடி, ஹம்சா கத்தியுடன் பட்டிக்குச் சென்றான். சென்றவன் பாதியில் நின்றுவிட்டான். ஜகியா அடுப்படியிலிருந்து வெளியே வந்து பார்த்தாள்.

பட்டியின் வேலியில் சாய்ந்தபடி கிபுவானா தாவியில் எதையோ நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செவலை அசைபோடுவதை நிறுத்திக் காதுகளை முன்னே நீட்டியிருந்தது. அவர் நிறுத்தினார், அது கனைத்தது. அவர் மறுபடியும் தொடர்ந்தார்.

"அக்கா, புடிக்கட்டுமா?" என்று ஹம்சா கிசுகிசுத்தான்.

"கோழிக்கூடு அந்தப் பக்கம்" என்றாள் ஜகியா.

அவன் கத்தியை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டு, ஓசையின்றித் திரும்பி நடந்தான்.