சௌதாமினி சேச்சியின் பொத்தானுக்கு நான்கெல்லை

அன்று ஒற்றப்பாலத்தில் எங்கள் பத்திரம் எழுதும் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோரம் கணினி முன்னால் சௌதாமினி சேச்சி. முத்திரைத்தாள் அலமாரியை ஒட்டிய ஸ்டூலில் பீரான்குட்டி. வாசல் மேசையில் நான், அவர்கள் வாயில் 'மாஷ்'.

சேச்சிக்கு வாதம், மணிக்கட்டு வீங்கும். மவுசைத் தள்ளித் தள்ளித் திரையின் மூலைக்குப் போய்ப் பின்னோக்கும் குறியை அழுத்துவதற்குள் வலியில் உயிர்போகும். அதற்காகவே பீரான்குட்டி கோழிக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் இரண்டு பொத்தான் வைத்த மவுசை வாங்கிவந்தான். கட்டைவிரலால் ஒரு தட்டு. முந்தைய பக்கம் வந்துவிடும். ஆனால் பிரவுசரில் பழைய பத்திரம் எதையாவது திறந்தால் பொத்தான் செத்துப்போகிறது. பட்டியலுக்கும் பத்திரத்துக்கும் போய்வருவதுதான் சேச்சியின் நாள் முழுக்க வேலை.

"திங்கக்கிழமையிலேருந்து நான் வரல மாஷே. வேற ஆளப் பாத்துக்குங்க," என்றார் சேச்சி.

"உங்கள மாதிரி சிடுசிடுக்க வேற ஆளுக்கு எங்க போறது சேச்சி?" என்றான் பீரான்குட்டி. "மாஷே, அந்தப் பிரவுசர் கம்பெனிக்கே எழுதுங்க. ரிஜிஸ்தர் தபால்ல."

"அவங்க தபாலெல்லாம் பிரிப்பாங்களாடா?" என்றேன்.

"கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆகணும்? வாங்கினா மாட்டினான்."

தாளை எடுத்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே முறை: கட்சிக்காரர், சொத்து விவரம், நான்கெல்லை. பழுதுக்கும் எல்லை வேண்டுமே.

"சேச்சி, அந்த அம்புக்குறியக் கொஞ்சம் வடக்க கொண்டுபோங்க."

"வடக்கா? இதென்ன உங்க தென்னந்தோப்பா?" என்றபடி மேல்பட்டைக்கு நகர்த்தித் தட்டினார். பட்டியல் வந்துவிட்டது.

பீரான்குட்டி ஸ்டூலோடு திரைப்பக்கம் நகர்ந்துவந்தான்.

மறுபடி பத்திரத்தைத் திறந்தோம். தெற்கே கடைசி வரி வரை அசைவில்லை. கிழக்கும் அப்படியே. மேற்கில், குட்டிக் குட்டிப் பக்கங்கள் வரிசையாக நிற்கும் பட்டையில் தட்டியதும் பட்டியல் வந்தது. பத்திரத்தின் எழுத்துமேல் அம்பு நிற்கும்போது மட்டும்தான் பொத்தானுக்கு உயிரில்லை. எல்லைகளை எழுதிக்கொண்டேன்.

"அப்போ மேற்கு வேலிய இன்னும் உள்ள தள்ளுங்க சேச்சி," என்றான் பீரான்குட்டி. "என் பக்கத்து வீட்டுக்காரன் வருஷா வருஷம் பண்றதுதான்."

சேச்சி பட்டையை நடுத்திரை வரை அகலமாக இழுத்தார். இப்போது மவுசைத் துளி சாய்த்தால் போதும். திறந்தார், சாய்த்தார், தட்டினார். இன்னொன்று. இன்னொன்று. மணிக்கட்டு மவுஸ் மெத்தையைவிட்டு எழவே இல்லை.

நான் கட்சிக்காரர் விவரத்துக்கு வந்திருந்தேன். சேச்சியின் பெயர் எழுதினேன், தகப்பனார் பெயர் எழுதினேன். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது.

"திங்கக்கிழமைக்கப்புறம் உங்க தொழில் என்னன்னு போட?"

சேச்சி திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "பத்திரம் எழுத்துன்னு போடுங்க. விலாசம் இந்த ஆபீஸ். பதில் வந்தா நான் இங்கதான இருப்பேன்? குறுக்க பேசாதீங்க, எத்தன பத்திரம் பாத்தேன்ற எண்ணிக்கை தப்புது."

கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தார். நான் உறையில் இட்டேன். பீரான்குட்டி பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி, தபாலாபீஸ் மூடுவதற்குள் என்று ஓடினான்.