துக்க மணி கேட்டு வந்த ஓட்டு

பஞ்சாயத்துத் தேர்தலில் கிரேசி நின்றாள். எதிர்த்து நின்றவர் ரைஸ் மில் கோபு. வடக்குப்பட்டில் ஒரு பொம்பளை, அதுவும் மாதா கோயில் தெருக்காரி, ஓட்டுக் கேட்டு வருவதா என்று கோபு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும். தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும், அதைக் கேட்கப் பஞ்சாயத்தில் ஓர் ஆள் வேண்டும். கிரேசிக்கு அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் வாக்குப்பதிவு முடிகிற நேரம் நெருங்கியும் சாவடியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரே அறுவடையில் கிடந்தது. கிரேசி செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

"உபதேசியாரே, மணி அடிங்க! ஜனம் பூரா வயல்லயே கீது!"

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அருள்நாதன் பதறிப்போனார். "இன்னாம்மா நீ! கோயில் மணிய ஓட்டுக்கு அடிக்கிறதா?"

"எனக்குப் போடச் சொல்லியா அடிக்கச் சொல்றேன்? ஓட்டுப் போட வாங்கன்னு அடிங்க. நாட்டுக்குச் செய்யறதும் செபந்தான்னு சாமியார் பிரசங்கம் வெச்சாரே, தூங்கிட்டீங்களா?"

"கோபு ஆளுங்களுந்தான் வருவாங்க."

"வரட்டும்!"

மனிதர் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். பிடித்தாரே தவிர, பரபரப்பில் கை பழகின வழிக்கே போய்விட்டது. அந்த மாதம் ஊரில் சாவு அதிகம். ஓர் அடி, நிறுத்தம். மறுபடி ஓர் அடி, நிறுத்தம். அசல் துக்க மணி!

துக்க மணி கேட்டால் அங்கே இந்து, கிறிஸ்தவர் பேச்சே கிடையாது. போட்டது போட்டபடி வந்து நிற்பார்கள். அரிவாளும் கையுமாக வரப்பெல்லாம் ஜனம். கோபுவின் மனைவி கனகம் மாரில் அடித்துக்கொண்டே வந்தாள். "ஐயோ, யாரு செத்தது?"

"யாரும் சாவல!" கிரேசி கத்தினாள். "ஓட்டுப் போட நேரமாவுது! சுதந்திரம் வாங்கின நாடு இது! எனக்குப் போடுங்க, இல்ல அவருக்குப் போடுங்க. போடாம மட்டும் இருக்காதீங்க!"

முதலில் திட்டினார்கள். யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் ஊரே சிரித்துக்கொண்டு சாவடிக்கு ஓடியது. அந்த வரிசையைப் பார்த்த சந்தோஷத்தில் கிரேசிக்கு அழுகையே வந்துவிட்டது.

வரிசையின் கடைசியில் கனகம். ஆயுசில் ஓட்டுப் போட்டறியாதவள். "நீ இன்னாத்துக்கு? அதான் நான் போட்டாச்சே" என்றார் கோபு.

"வந்தது வந்துட்டேன், போட்டுட்டே போறேன்" என்று உள்ளே போனாள். வெளியே வந்தவள் யாரையும் பார்க்காமல் வீட்டைப் பார்க்க நடந்தாள்.

எண்ணி முடித்தபோது கிரேசி ஒரே ஓட்டில் ஜெயித்திருந்தாள். மாதா கோயில் தெரு ஆடித் தீர்த்தது.

மறுநாள் கோபு வீட்டில் குதித்தார். "எவன் அவன், அந்த ஓர் ஓட்ட மாத்திப் போட்டவன்? தெரிஞ்சாவணும் எனக்கு!"

கனகம் காபியை ஆற்றி நீட்டினாள்.

"அதானே, எவனா இருக்கும்?" என்றாள்.