வெள்ளைக் காலுறை

அகஸ்ரீனா மறுபடியும் நூலைச் சுற்றினாள். ஜெசிக்காவின் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, முடிச்சை இறுக்கி, கையை எடுத்தாள். நூல் வழுக்கியது. பாதங்கள் மெல்ல விலகி, ஒன்று யன்னல் பக்கமும் மற்றது சுவர்ப் பக்கமும் சாய்ந்தன.

"சொல்வழி கேக்குதே பார்," என்றாள் அகஸ்ரீனா. "உயிரோட இருக்கேக்கையும் இப்பிடித்தான்."

புனிதமலர் சுவரோரம் நாற்காலியில் இருந்தாள். பெற்றவள் உடுத்திவிடக் கூடாது என்று புருசனின் அக்கா அகஸ்ரீனாதான் அவளை அங்கே இருத்தியிருந்தாள். நோயோடு வீடு திரும்பியிருந்த மகளின் மூச்சு விடியற்காலை நின்றதிலிருந்து எல்லாரும் அவளுக்கு எதையாவது கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கீழே போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன்காரன் வழமைபோலக் கத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"நகமெல்லாம் கறுத்து, எலும்பு புடைச்சு. ஆடி ஆடிப் பழுதாக்கி வைச்சிருக்கிறாள், மச்சாள்."

"பழுதில்லை. அது வேலை செய்த கால்."

அகஸ்ரீனா சந்தையில் வாங்கிய வெள்ளைக் காலுறைகளை எடுத்தாள். ஒன்றில் விலைத்துண்டு இன்னும் தொங்கியது. அவற்றை மாட்டி, மேலால் நூலைக் கட்டினாள். இம்முறை பாதங்கள் சேர்ந்து நின்றன.

புனிதமலர் அந்தக் கால்களை முதலில் உற்றுப் பார்த்தது, தான் கூட்டித் துடைக்கிற வேலை செய்த நடனப் பள்ளியில். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூலையில் ஒரு தட்டிலிருந்த பிசின் தூளை ஊத்தை என்று நினைத்துக் கழுவி ஊற்றிவிட்டாள். சப்பாத்து வழுக்காமலிருக்க ஆடுகிறவர்கள் மிதிக்கிற தூள் அது. அன்று இரண்டு பிள்ளைகள் விழுந்தார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனாள். ஆசிரியை மன்னிப்பைக் காதில் வாங்கவில்லை. குனிந்து ஜெசிக்காவின் காலைப் பிடித்துத் திருப்பினாள். பாலே ஆட வேண்டிய, இடுப்பிலிருந்தே வெளியே திரும்புகிற கால். இதைச் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியாது, சிஞ்ஞோரா, என்றாள்.

பிறகு மகளுக்கு வடக்கே ஒரு பாலே குழுவில் இடம். கடைசி வரிசை. கழுத்திலும் கையிலும் முதுகிலும் வெள்ளை மாவைப் பூசச் சொன்னார்கள். வரிசையில் ஒருத்தி மட்டும் தனித்துத் தெரியக் கூடாதாம். பூசிக் களைத்து, மிலானுக்குப் போய் இசைநாடகங்களில் சேர்ந்தாள். "அம்மா, இஞ்சை நான் என்ரை நிறத்தோடையே ஆடுறன்," என்று முதல் ஆட்டம் முடிந்த இரவு போனில் சொன்னாள். பின்னால் ஆட்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

தகப்பன் யாக்கோபு ஒருநாளும் பார்க்கப் போகவில்லை. மகள் டிக்கெட் அனுப்பினால், சியாகுல்லித் தோட்டத்தில் மன்டரின் தோடம்பழம் பறிக்கிற காலம் என்பான். மரத்தில் பழமே இல்லாத ஓகஸ்ட் மாதத்திலும் அதையே சொன்னான்.

அவன் இப்போது கை நிறையப் பூக்களுடன் உள்ளே வந்தான்.

"கால்மாட்டிலை வை, அக்கா. நல்லா மூடுறமாதிரி. செபத்துக்குச் சுவாமி வந்துகொண்டிருக்கிறார்." பிறகு மனைவியின் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "மலர், ஆரும் கேட்டா மிலானிலை ஒபிசிலை வேலை செய்தவள் எண்டு சொல்லு."

"எந்த ஒபிஸ்?"

"என்ன?"

"பதினைஞ்சு வரியமாப் பங்குச் சனத்துக்குச் சொல்லுறியள். அந்த ஒபிசுக்கு இன்னும் ஒரு பேர் வைக்கேல்லையோ?"

"சனம் வரப்போகுது. இண்டைக்கு வேண்டாம்."

"இண்டைக்கு விட்டா எண்டைக்கு?"

அவள் எழுந்தாள். யன்னலோரம் ஜெசிக்காவின் தையல் டப்பா இருந்தது. சப்பாத்து நாடாக்களை வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல் அதில் கிடந்தது. எடுத்துக்கொண்டு சவப்பெட்டியின் கால்மாட்டுக்குப் போனாள்.

"மச்சாள், கட்டினதை அவிழ்க்கக் கூடாது," என்று அகஸ்ரீனா கையைப் பிடித்தாள்.

"கையை எடுங்கோ."

அகஸ்ரீனா கையை எடுத்தாள்.

"அங்கை அவங்கள் வெள்ளை மாப் பூசச் சொன்னவங்கள்," என்றாள் புனிதமலர், கணவனைப் பார்த்து. குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் வெள்ளைச் சொக்ஸ் போடுறியள். அவங்கள் சம்பளமாவது குடுத்தவங்கள்."

நூலை வெட்டினாள். காலுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பாதங்கள் அவசரமில்லாமல் விலகின. ஆடத் தொடங்குமுன் நிற்பதுபோல, குதிகள் இரண்டும் தொட்டுக்கொண்டு நிற்க, விரல்கள் இருபுறமும் திரும்பின. கணவனின் கையிலிருந்த பூக்களை வாங்கித் தலைமாட்டில் வைத்தாள்.

யாக்கோபு அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கை மகளின் சேலைக் கரையை அவற்றின் மேல் இழுக்கப் போய், பாதி வழியில் நின்றது.

படிகளில் சுவாமியின் இருமல் கேட்டது. கூடவே பல செருப்புச் சத்தங்கள்.

புனிதமலர் துணி மடிக்கிறபோது செய்வதுபோலக் காலுறைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி, கணவனின் சட்டைப் பையில் வைத்தாள். விலைத்துண்டு வெளியே தொங்கியது. நாற்காலியைக் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்தபடி இருந்தாள்.